சுங்கத்தில் அறுபட்ட பிரதி

ஒன்பது பிரதிகள் செய்தோம்,
மான்டிவிடியோவில், முன்பு பஞ்சர் ஒட்டிய ஒரு அறையில்.
கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை.
பள்ளிப் பிள்ளைகளின் பழைய வெள்ளை அங்கிகளை
ஞாயிற்றுச் சந்தையில் கிலோ கணக்கில் வாங்கி
எலோயிசா ஊறவைத்தாள், அரைத்தாள், காகிதமாக்கினாள்.
சில தாள்களில் கழுத்து நாடாவின் நீல இழை,
ஒன்றில் தப்பித்த பொத்தானின் தடம்.

எழுத்துக் கோத்தது நான்.
எங்கள் ஈயப் பெட்டியில் ‘ஆ’ பதினொன்றுதான் மிச்சம்.
எங்கள் மொழியில் கடலுக்கு அந்த எழுத்து வேண்டும்,
ஆற்றுக்கு வேண்டாம்.
ஆகவே கவிதையில் கடல் இருந்த இடமெல்லாம் ஆறு வந்தது.
அக்கரை தெரியாத எங்கள் தண்ணீரையும்
ஊரே ஆறு என்றுதான் சொல்கிறது,
பெரிய பொய் இல்லை.

செர்ரானா தைத்தாள், மூன்று பக்கமும்.
நாலாவது மடிப்பு.
நூலை அறுத்தால்தான் நூல்.
“படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் கை நடுங்கட்டும்” என்றாள்.
அவள் எழுதுவது இரண்டு வரிக் கவிதைகள்,
எதையும் மூடிவைப்பது அவளுக்குச் சுலபம்.
என் கையெழுத்துப் பிரதியையும் கூழில் போட்டு
அட்டையாக்கிவிட்டோம்,
என் சம்மதத்தோடுதான். அன்றைக்கு இரண்டாவது புட்டி ஒயின்.

ஒருவரும் அறுக்கவில்லை.
நூலகத்தின் இரண்டு பிரதிகள் கையுறைகளுக்குப் பின்னால்.
பல் மருத்துவர் லுசார்தோ சட்டம் போட்டு மாட்டினார்.
என்ன அழகு, பிரிக்க மனசே வரவில்லை என்றார்கள்,
கல்யாணப் பரிசுப் பெட்டியைச் சொல்வதுபோல.
நான்கு மாதத்தில் கவிதை எனக்கே மறந்துபோனது.
முதல் வரி மட்டும் வரும், குளிக்கும்போது.

பிறகு புவெனோஸ் ஐரிஸில் ஒரு கண்காட்சி.
கொலோனியா துறைமுகத்தில், படகுக்கு முன்,
தெர்மோஸை அக்குளில் இடுக்கிய சுங்க அதிகாரி கேட்டார்:
“புத்தகமா, கலைப்பொருளா? இரண்டுக்கும் வேறு வேறு படிவம்.”
நான் புத்தகம் என்றேன்.
அதே மூச்சில் எலோயிசா கலைப்பொருள் என்றாள்.
அவர் எங்களைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார்.
“புத்தகம் என்றால் திறக்கணுமே” என்று
ஆரஞ்சுப்பழம் நறுக்கிய கத்தியை எடுத்தார்.

கை நடுங்கவில்லை.

நூல் அறுந்த சத்தம் ரொம்பச் சின்னது.
எலோயிசா என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிய.
அவர் வாசித்தார். உதடு அசைந்தது.
வரிசை நீண்டது, யாரோ ஒருத்தியின் குழந்தை அழுதது,
அவர் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார்.
பிறகு பொருளின் விவரம் என்ற கட்டத்தில்
பெரிய பெரிய எழுத்தில் எழுதினார்:
புத்தகம். ஒரு பெண் ஆற்றோடு சண்டை போடுகிறாள்.
கடைசிப் பக்கம் கொஞ்சம் நீளம்.

முத்திரை குத்தினார். அடுத்த ஆள்.

படகில் மூவரும் பேசவில்லை.
செர்ரானாவிடம் ஊசி இருந்தது, மெழுகு தடவிய நூலும்.
மறுபடி தைத்துவிடலாம், ஒருவருக்கும் தெரியாது என்றாள்.
கொடுக்க மாட்டேன் என்று மேல்தளத்துக்குப் போனேன்.
காற்றில் பக்கங்கள் படபடக்க
யாரோ எழுதியதைப்போல் படித்தேன்.

கடைசிப் பக்கம் நீளம்தான்.
‘இருந்தாலும்’ என்பதோடு நின்றிருக்கலாம்.
மற்ற எட்டுப் பிரதிகளிலும்
அந்த ஏழு வரி பத்திரமாகத் தைத்துக் கிடக்கிறது.

ஊர் திரும்பியதும் லுசார்தோவிடம் போனேன்.
சட்டத்தைக் கழற்றுங்கள்,
ஒரு கத்தி இருந்தால் போதும், ஐந்து நிமிடம் என்றேன்.
நாற்காலியைச் சாய்த்தார்,
விளக்கை என் பக்கம் திருப்பினார்,
வாயைத் திறங்கள் என்றார்.