அறுபத்தொன்றாம் பக்கம்

பூனைச் சாப்பாடு, இரண்டு டின்.
பால். பற்றரி, சின்னது, நாலு.
யாரோ கடைச்சீட்டை மடித்து
அறுபத்தொன்றாம் பக்கத்தில் விட்டுப் போயிருந்தார்கள்.
நானும் அங்கேதான் நின்றுபோனேன்,
மார்ச் மாதம்.

வென்ட்வொர்த்வில் நூலகத்துப் புத்தகம்.
முதுகில் பச்சை ஒட்டி: இளையோர்.
பள்ளி ஆலோசகர் தந்த பட்டியலில் மூன்றாவது.
"உன் வயதுப் பெண்ணின் கதை" என்றார்.
என் வயதுப் பெண் முப்பதாம் பக்கத்திலேயே அழுதுவிட்டாள்.
எனக்கு அழுகை வரவில்லை.
பசி வரவில்லை, தூக்கம் வரவில்லை,
தாலியா அனுப்பிய பகிடிக்குச் சிரிப்பும்.

வெளியே இந்த ஊர் வெயில்
வெட்கமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.
பக்கத்து வீட்டில் புல்வெட்டி இரைந்தது.
திரைச்சீலை இடுக்கில் ஒளிக்கீற்று ஒன்று
காலையில் அலுமாரியில் தொடங்கி
நாலு மணிக்கு என் காலுக்கு வரும்.
அறைக்குள் அசைந்தது அது மட்டும்.

அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டு
"புட்டு இருக்கு" என்பா, கதவிடம்.
அப்பா ஒருநாள் வேலை உடுப்போடு உள்ளே வந்தார்.
"என்ன குறை வைச்சனாங்கள்?"
கோபமில்லை, கேள்விதான்.
நான் உண்மையாகவே தேடினேன்.
ஒரு குறையும் அகப்படவில்லை.
அது இன்னும் பாரமாய்ப் போயிற்று.

மெல்பனில் இருந்து மாமி, கண்ணூறு என்றா.
செத்தல் மிளகாய் சுற்றி அடுப்பில் போட,
புகைமணி அலறி,
எதிர்வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயோடு ஓடிவந்தாராம்.
கட்டிலில் கிடந்தபடி நான் சிரித்தேனாம்.
தம்பி சொல்கிறான். எனக்கு நினைவில்லை.

புத்தகம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது,
இரண்டு தடவை.
நான் சீட்டைத்தான் படித்தேன்.
இரவு 9.47.
அந்த நேரம் கடைக்குப் போக யாருக்கு மனம் வரும்?
பூனைக்குப் பசித்திருக்கும்.
சரி, பற்றரி எதற்கு?
சுவர் மணிக்கூடா? பூனையின் பொம்மை எலியா?
ஒரு கிழமை யோசித்தேன்.
யோசிக்க ஒன்று இருந்தது, ஒரு கிழமை.

டொக்டர் எழுதிய சொல்லை
அம்மா போனில் தமிழில் தேடினா.
மனச்சோர்வு என்று வந்தது.
"சோர்வெண்டால் படுத்தெழும்பினால் போகும்தானே?"
கொஞ்சம் பொறுத்து, அவவே,
"இல்லையோ?"
கட்டிலில் எழும்பி இருந்தேன்.
அந்த "இல்லையோ" போதுமாயிருந்தது, எழும்பி இருக்க.

மாத்திரை, முதலில் பாதி.
நாக்கு உலர்ந்தது, கனவுகள் பச்சை நிறமாயின.
ஜூனில் தலை முழுகினேன்.
சிக்கு எடுபடவில்லை;
அம்மா கத்தரிக்கோலைக் கொண்டுவந்து
ஒன்றும் பேசாமல் வெட்டினா.
ஒரு செவ்வாய் இரவு குப்பைத் தொட்டியை
நானே தெருவுக்கு உருட்டிப்போனேன்,
இது சிவப்பு மூடிக் கிழமையா மஞ்சளா தெரியாமல்
இரண்டையும்.

புத்தகத்துப் பெண்
இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் கடலுக்குப் போனாள்.
திரும்பி வரும்போது சரியாகியிருந்தாள்.
எரிச்சலாக வந்தது எனக்கு.
நான் ஆகஸ்டில் மறுபடி விழுந்தேன்,
மூன்று நாள், முகம் சுவருக்கு.
நாலாம் நாள் பல் தீட்டினேன்.
கடல் இங்கிருந்து ஒன்றேகால் மணித்தியாலம்,
ரெயில் மாறவேண்டும்.

இன்று புத்தகத்தைக் கொடுக்க நடந்தே போனேன்.
சீட்டை எடுத்த பக்கத்திலேயே வைத்தேன்.
எழுத்து பாதி மங்கிவிட்டது,
பால் போய்விட்டது, பூனை இருக்கிறது.
பின்புறம் பென்சிலால் எழுதினேன்:
பூனை சுகமா?

பெட்டிக்குள் அது விழுந்த சத்தம்
நினைத்ததைவிடப் பெரிது.
மழை தூறத் தொடங்கியது.
குடை கொண்டுவரவில்லை.