முப்பத்தைந்து

பல் டாக்டர் கோயம்புத்தூருக்குப் போன பிறகும்
எட்டு மாதம் அந்தத் தொட்டி
திருவாரூரில், காத்திருப்போர் அறையில்
காத்திருந்தது.
மோட்டாரை மட்டும் நிறுத்தவில்லை வாட்ச்மேன் சவுரிராஜன்.
"வத்த வத்த கேன் தண்ணி ஊத்துனேன் மேடம்.
மீனு ஒவ்வொண்ணாப் போயிட்டு."
நாலாயிரம் சொன்னதை மூவாயிரத்து இருநூறுக்கு முடித்தேன்.
கண்ணாடி பழைய மெத்தையிலும்
கடல் எட்டுக் கேன்களிலுமாக
டாடா ஏஸில் திருத்துறைப்பூண்டி வந்து சேர்ந்தன.

மணலைக் கிளறியதும் அழுகிய முட்டை வீச்சம்.
கணவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டு
"இதுக்குத்தான் லோன் போட்டியா?" என்றார்.
லோன் இல்லை, சீட்டுப் பணம்.
நான் திருத்தவில்லை.

வினிகரில் ஊறிய மோட்டார் இரவெல்லாம் நுரைத்தது.
கண்ணாடி மூலைகளில்
பிளேடால் சுரண்டச் சுரண்ட ஊதாப் படலம்.
பல் டாக்டரின் தொட்டிக்குக்
காறை பிடித்திருந்தது.

எல்லாம் ஆனது. ஒன்று மட்டும் ஆகவில்லை.
பழைய தண்ணீர், நூற்றறுபது லிட்டர்.
எங்கே கொட்டுவது?
கொல்லையில் கறிவேப்பிலை நிற்கிறது.
தெருச் சாக்கடை வாய்க்காலுக்குப் போகும்.
வாய்க்கால் ரைஸ்மில்லைத் தாண்டினால் வயல்.
அந்த வயல் பிறகு எங்கே வரும் என்பது எனக்குத் தெரியும்:
அரிசிப் பையில், அரைக் கிலோவாக,
சர்வே எண் எழுதிய சீட்டோடு
மண் பரிசோதனைக் கூடத்தில்
என் மேசைக்கு.

அன்று காலைதான் வந்திருந்தார்
தலைஞாயிறு உத்திராபதி.
"எவ்வளவு காட்டுது?"
"ஆறு புள்ளி ரெண்டு."
"எவ்வளவு இருக்கணும்?"
"நாலுக்குள்ள."
மனதுக்குள் கழித்துப் பார்த்தார்,
அந்த இரண்டு புள்ளி இரண்டை
எந்த வண்டியில் ஏற்றி எங்கே இறக்குவது
என்று யோசிப்பவர் போல.

ஞாயிற்றுக்கிழமை அதே டாடா ஏஸ், முத்துப்பேட்டைக்கு.
"கடல் தண்ணிய கடல்ல ஊத்தவா எழுநூறு ரூவா?"
மொகிதீன் சிரித்துக்கொண்டே ஏழு கேன்களைக் கவிழ்த்தார்.
எட்டாவதைச் சரித்தபோது
அடியில் மணலோடு மணலாக
ஒரு நூல் நெளிந்தது.
பொத்தான் அளவு உடம்பு.
ஐந்து கை, ஒன்று பாதி.
கேனை நிமிர்த்தினேன்.
"என்னங்க, இது திரும்ப ஊருக்கா?"
"ஆமா."

பிறகு ஆர்.ஓ. தண்ணீர். பிறகு உப்பு பாக்கெட்.
யார் நிலத்திலும் இருக்கக் கூடாது என்று
பகலெல்லாம் எழுதிக் கொடுக்கும் உப்பை
இரவில் குவளை குவளையாக அள்ளிப் போட்டேன்.
கருவியைக் கண்ணில் வைத்து விளக்கைப் பார்த்தால்
முப்பது.
இன்னும் ஒரு குவளை. முப்பத்து மூன்று.
உப்பு பற்றவில்லையே என்று
இந்தப் பக்கத்தில் அன்று கவலைப்பட்டவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
கோடு முப்பத்தைந்தில் நின்றது.

அமோனியா ஏறி இறங்கும்வரை மீன் கூடாது.
ஐந்து வாரம்
கல்லுக்கும் தண்ணீருக்கும் கரன்ட் பில் கட்டினேன்.
கண்ணாடியில் பழுப்புப் பாசி வந்தது, போனது.
எதிர்வீட்டு ரெஜினா பிள்ளையைத் தூக்கிவந்து காட்டினாள்.
பிள்ளை நெடுநேரம் தேடிவிட்டு
என் முகத்தைப் பார்த்தது.

பாதிக் கை மட்டும் பழைய தண்ணீரில், தனி வாளியில்.
சோதனைக் குழாயில் நிறம் மாறாத அன்று
குளுக்கோஸ் டியூபால்
புதுக் கடலைச் சொட்டுச் சொட்டாக அதற்கு இறக்கி,
மூன்று மணி நேரம் கழித்துக் கல்லிடுக்கில் விட்டேன்.
உள்ளே போனது.
நான்கு நாள் கண்ணில் படவே இல்லை.

ஐந்தாம் நாள் இரவு கரன்ட் போனது.
மோட்டார் நின்ற வீட்டில்
சுவர்க் கடிகாரம்கூடக் கேட்டது.
டம்ளரால் மொண்டு, உயர்த்தி, ஊற்றி,
மொண்டு, ஊற்றி,
கையால் அலை அடித்தேன்.
இவர் வந்து டார்ச் பிடித்தார்.
வெளிச்சம் பட்ட இடுக்கிலிருந்து
ஒரு கை நீண்டது.
பாதிக் கை. நுனியில் புதிதாக வெளிறிய ஒரு துண்டு.
"இதுக்குப் பேரு?"
"தெரியலை."

ஓட்டில் மழை விழத் தொடங்கியது, முதலில் சில்லறையாக.
தலைஞாயிற்றுப் பக்கமும் இருட்டியிருந்தது.
"விடாம ஊத்து" என்றார் இவர்,
டார்ச்சை இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு.