தோஷக்கல்

போன ஆவணியில் தெற்கு ரத வீதிக் கடையில்
மதினிக்கு மூக்குத்தி பார்க்கப் போனோம்.
லென்ஸை இறக்காமலே கடைக்காரர் சொன்னார்:
"உள்ள ஒரு கரும்புள்ளி கெடக்கு.
வெல கொறச்சுத் தாரேன். ஆனா
குடும்பத்துக்கு ஆகாதும்பாவ."
மதினி தட்டைத் தள்ளிவிட்டாள்.

இப்போது, அபிஷேகப்பட்டியில்,
ராத்திரி பதினொன்றேகால்.
குறையே இல்லாத வைரச் சில்லு ஒன்றில்
கருப்பைத் தேடிப்போய் வைக்கிறோம்
நானும் முப்பிடாதியும்.

மூன்று மில்லிமீட்டர். உலையில் வளர்ந்த கல்.
அதன்மேல் கேலியம் அயனிகள், முப்பதாயிரம் வோல்ட்டில்.
நம்ம ஊர்ச் சித்திரையில்
மேசைமேல் வைத்தாலே உருகிவிடும் சாது உலோகம்.
வெற்றிடத்துக்குள் அவிழ்த்துவிட்டால்
வைரத்தையே உடைக்கிறது.

வைரத்தில் ஒவ்வொரு கரியணுவும்
நாலு பக்கமும் கை கோத்து நிற்கும்.
ஒரு கையும் சும்மா இல்லை.
மின்சாரம் வந்தால் நகர இடமில்லை.
உடைந்தபின் மூன்று கையோடு தட்டையாய்ப் படுக்கும்.
மிச்சக் கை யாருக்கும் சொந்தமில்லாமல் அலையும்.
அந்த அலைச்சல்தான் எங்களுக்கு வேண்டும்.

முதல் ஆறு கோடுகளும் ஏமாற்றின.
சூட்டில் வைத்து எடுத்தால்
கோடு போட்ட தடமே இல்லை.
கொஞ்சமாய் அடித்தால் வைரம்
சூட்டிலேயே ஆறி வைரமாகிவிடும்.
ஒரு அளவு உண்டு. அதைத் தாண்டி அடித்தால்
அதே சூடு அதைக் கரியாக்கும்.

"முப்பிடாதி, மனுசனும்கூட—" என்று தொடங்கினேன்.
"தத்துவம் பொறவு பேசலாம் சார்,
ஊசி ஆடுது, மேசையில கைய வைக்காதிய."

ஏழாவது கோடு.
தலைமுடியை முந்நூறாய்ப் பிளந்தால்
ஒரு இழை வருமே, அந்த அகலம்.
இரு முனையிலும் ஊசி.
மீட்டர் முடிவிலி காட்டியது,
ஆறு தடவை பார்த்துச் சலித்த முடிவிலி.
அப்புறம் எண்கள் தடுமாறி இறங்கி
நாற்பத்தேழு கிலோ ஓமில் நின்றன.

முப்பிடாதி ஊசியைத் தூக்கித் திரும்ப வைத்தாள்.
நாற்பத்தேழு.
ஏ.சி.யை அணைத்துவிட்டு வைத்தாள்.
நாற்பத்தேழு.
சிரிக்கவில்லை. போனை எடுத்து
வீட்டுக்கு அனுப்பினாள்: "வைரம் கடத்துது."
உடனே பதில்: "ஏட்டி, போலீசு புடிக்காதா?"

நாளைக்கு மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து இரண்டு.
பம்பை நிறுத்திவிட்டுப்
பதிவேட்டில் தேதி எழுதும்போது
அந்த மூக்குத்திக் கல் ஞாபகம் வந்தது.
பூமிக்கடியில் எது அடித்ததோ, எவ்வளவு சூட்டிலோ.
விற்றிருக்காது.
சனிக்கிழமை டவுனுக்குப் போகணும்.