இரண்டு விரற்கடை

இரவு இரண்டு தாண்டித்தான்
ட்ரெஸ்காட் சீமானின் வண்டி
மேஃபேரின் இந்த லாயச் சந்துக்குள் நுழையும்.
சேறு காய்ந்தால் வார்னிஷ் வெளுத்துவிடும்;
அதனால் நானும்
அதன் பின்சக்கரமும்
ஒரே நேரத்தில் எழுந்தாக வேண்டும்.

ஜாக்கி என்றால்
பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு டெர்பியில்
குதிரைமேல் பறப்பவன் என்று ஊர் நினைக்கும்.
எங்கள் ஜாக்கி மரக்கட்டை.
ஊன்ற ஒரு கால், நீட்ட ஒரு கை,
முதுகில் பல் வெட்டிய இரும்பு.
அச்சுக்கு அடியில் அதன் தலையைக் கொடுத்து
கைப்பிடிமேல் என் உடம்பைப் போடுவேன்.
ஒன்பது ஸ்டோன் எடை, பாதி இருமல்.
முனகும்.
ஒரு பல் ஏறும்.
இன்னொரு பல்.
கொக்கி "க்ளக்" என்று விழுந்ததும்
சீமானின் வண்டி என் சொல்லுக்கு நிற்கும்.

இரண்டு விரற்கடை உயரம்.
அதற்குமேல் தூக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
ஓர் எலி குனிந்து போகலாம், அவ்வளவு இடுக்கு.
ஒற்றை விரலால் தள்ளினால் போதும்,
சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்
எங்கேயும் போகாமல்
யாரையும் கொண்டுபோகாமல்
ஆரக்கால்கள் கரைந்து
விளக்கொளியில் மஞ்சள் தட்டாகும் வரை.

எனக்கு எழுத்து தெரியாது. சேறு தெரியும்.
வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் எப்சம் மேடு:
சீமான் பந்தயத்தில் தோற்றிருப்பார்,
இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார்.
செங்கல் தூள் என்றால்
புது வீடுகள் எழும்பும் பக்கம்;
அங்கே எந்த வாசலில் வண்டி நின்றது என்று
சீமாட்டி கேட்டால்
எனக்குத் தெரியாது, அம்மா.
வாசித்த கையாலேயே கழுவிவிடுவேன்.

வைக்கோல் வந்தால் மட்டும் கொஞ்சம் நிற்பேன்.
பெரிய வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால்
தெருவை நிறைத்து வைக்கோல் கொட்டுவார்கள்,
சக்கரச் சத்தம் கட்டிலை எட்டக்கூடாதென்று.
ஆரக்காலில் சுற்றிக்கொண்டு வரும்,
நனைந்து, முழ நீளத்துக்கு.
எந்த வீடோ.
பிடுங்கி வாளியில் போடுவேன்.

பிப்ரவரியில் தர்ஸா விழுந்தாள்.
நெஞ்சில் சளி, நெற்றியில் கொள்ளி.
எங்கள் அறை லாயத்துக்கு மேலே,
படுக்கைக்கு நேர் கீழே பன்னிரண்டு குளம்புகள்.
குதிரைப் படுக்கையிலிருந்து
ஆறு கவை வைக்கோல் அள்ளி
சந்துக் கல்லில் பரப்பினேன்.
காலையில் காரியஸ்தர் க்ரிம்வேட் வந்தார்.
"வைக்கோலுக்குக் கணக்கு இருக்கிறது, ஓபேத்."
நின்று வாரச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றிரவு சந்து முனையில்
கைகாட்டி வண்டியை மறித்தேன்.
வண்டிக்காரன் சில்வானஸ் பெக்
நாலு வருஷத்தில் என்னோடு
நாலு வார்த்தை பேசியிருப்பான்.
ஜாக்கியைப் பார்த்தான், தோளில் ஓட்ஸ் சாக்குகளைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் இறங்கிக் குதிரைகளை அவிழ்த்தான்.
சக்கரம் சக்கரமாய்த் தூக்கி
இரும்புப் பட்டைமேல் சாக்கைச் சுற்றினோம்.
மூன்று சக்கரத்துக்கு வந்தது.
நாலாவதற்குத்
தன் மடிக் கம்பளியை உருவிக் கொடுத்தான்.
காலுறை போட்ட சீமானின் வண்டியை
நாற்பது கஜம்
திருடர்கள் மாதிரி தள்ளிவந்தோம்.

மாடிக்கு ஓடினேன்.
தர்ஸா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.
"வண்டி இன்னும் வரலையா?
அது வராமல் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?"

என்ன சொல்வது.
இறங்கிப்போய் சாக்குகளைப் பிரித்தேன்,
ஜாக்கியை முன்சக்கரத்துக்கு அடியில் கொடுத்தேன்.
ஒரு பல். க்ளக்.
இன்னொரு பல்.
மெதுவாக, சக்கரத்துக்கு இரண்டாக.
ஐந்து வரை எண்ணினாளாம், மறுநாள் சொன்னாள்.
மிச்சம் மூன்றையும்
குதிரைகள் கேட்டிருக்கும்.

சேறு காய்ந்துவிட்டிருந்தது.
கூலியில் இரண்டு ஷில்லிங் பிடித்தார்கள்.