வலி என்றால் சோறு

பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்.
கற்பிப்பவர், கற்பவர்.
செவ்வாய், வியாழன், நாலரையிலிருந்து ஆறு வரை,
நூலகத்தின் பின்பக்கம், மின்விசிறி முனகும் மேஜை.
கற்பிப்பவர்: சென்றாயன், சிவில், இரண்டாம் ஆண்டு.
அது நான்.
கற்பவர்: துமைனி. இரிங்கா, தான்சானியா.

மார்க்கைப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.
வேப்பனப்பள்ளி அரசுப் பள்ளி, தமிழ் வழி,
வீட்டில் தெலுங்கு என்பதையெல்லாம்
யாரும் கேட்கவில்லை.
ஆங்கிலத்தில் ஒரே ஒரு சந்தேகம் கேட்க
மூன்று செமஸ்டராக வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன்.
வினைச்சொல் கிடைப்பதற்குள் மணி அடித்துவிடும்.

முதல் வாரம்
ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் என்று மாறி மாறிப் படித்து
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை
ஊரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
தகைவு. திரிபு.
அவன் டிபன் பாக்ஸின் ரப்பர் பேண்டை இழுத்துக் காட்டினேன்.
உள்ளே முறைத்துக்கொண்டு நிற்கிறதே, அது தகைவு.
இருந்த நீளத்தில் எத்தனை பங்கு நீண்டதோ, அது திரிபு.
"ம்காஸோ" என்றான், முதலாவதைத் தொட்டு.
இரண்டாவதற்கு அவனிடம் சொல் இல்லை.
என்னுடையதையே எழுதிக்கொண்டான்,
ழகரமில்லாத சொல் என்று மகிழ்ந்து.

மெஸ்ஸில் களி போட்ட நாள்
"உகாலி!" என்று எழுந்தே விட்டான்.
அங்கே வெள்ளை மக்காச்சோளம், இங்கே கேழ்வரகு,
கிண்டுகிறவரின் தோள்வலி மட்டும் ஒன்று.
உருட்டி, கட்டைவிரலால் குழித்து,
அதில் கீரையை அள்ளி, மென்றான்.
களியை யாராவது மெல்வார்களா?
அந்த ஒரு பாடத்தில்
கடைசிவரை நாங்கள் ஒத்துப்போகவில்லை.

சோற்றுக்கு அவர்கள் சொல் வலி.
வந்த புதிதில் இரவு எட்டு மணிக்கு
"வலி, வலி" என்று கேட்டவனை
வார்டன் ஆட்டோவில் ஏற்றி
பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தாராம்.

ஒரு திங்கட்கிழமை வகுப்பில் எழுந்தான்.
வினைச்சொல்லே இல்லாத ஆங்கிலம்,
கொஞ்சமும் கூச்சமில்லை.
"சார், மீ நாட் கிளியர். அகெய்ன்."
சார் பலகையைத் துடைத்து
உத்திரம் வளையும் இடத்தை மறுபடி வரைந்தார்.
நாங்கள் நாற்பது பேர்
சத்தமில்லாமல் குறித்துக்கொண்டோம்.

மறுநாள் பதிவேட்டில்
கட்டங்களை மாற்றிக் கையெழுத்துப் போட்டோம்.
மேடம் வெள்ளை மை தடவித் திருத்தினார்.

ரிசல்ட் வந்தபோது
ராயக்கோட்டைச் சாலை முழுக்க மாங்காய் லாரிகள்.
அவனுக்கு எல்லாம் பாஸ்.
எனக்குக் கணக்கு நின்றுவிட்டது.
படிக்கட்டில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்,
வெகுநேரம் எந்த மொழியையும் எடுக்கவில்லை.
பிறகு மெதுவாக,
"வலி?"

அவன் சொல்லா, என் சொல்லா
என்று நான் விசாரிக்கவில்லை.
தலையசைத்தேன்.
அவன் எழுந்து
மெஸ் பக்கம் நடக்கத் தொடங்கினான்.