மூன்று மில்லிமீட்டர்

கடைசி வண்டி ஆரியங்காவுக்கு இறங்கிய பிறகு
ஒன்றரை மணி நேரம் ரயில்குகை எங்களுக்கு.
கீமேன் மாடக்கண்ணு விளக்கைத் தாழ்த்திப் பிடிக்கிறார்.
அவருக்குத் துண்டு, எனக்கு முகக்கவசம்;
இரண்டையும் தாண்டி வருகிறது எச்சத்தின் நெடி.

வலையில் பதினொன்று.
துணிப்பைகளில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.
பதினொரு பதற்றங்கள்
என் நெஞ்செலும்பைத் தட்டுகின்றன.

குதிரைலாட மூக்கு. பத்துப் பன்னிரண்டு கிராம்.
சிறகை விரித்தால் விரல்கள்.
ஒவ்வொரு முறையும் எண்ணிவிடுகிறேன்: ஐந்து.
ரத்தக்குழாய் ஓடாத இடம் பார்த்து
ஓர் அழுத்து.
மூன்று மில்லிமீட்டர் வட்டம்
ஆல்கஹாலில் மிளகுத்தோல் போல மிதக்கிறது.
இங்கே இடது சிறகு.
தெற்கே கூனன்பாறையில் வலது. குழம்பாமலிருக்க.

"ஆறிருமாம்மா?"
"நாலு வாரத்துல மூடிரும்ணே."
"இது மூடலியே" என்று
தண்டவாளம் தின்ற சுண்டுவிரலின் மிச்சத்தைக்
காட்டிச் சிரிக்கிறார்.

படிவத்தில் ஒரு கட்டம்: மாநிலம்.
கிழக்கு வாய்க்கு ஒரு அனுமதிக் கடிதம்.
மேற்கு வாய்க்கு மலையாளத்தில், மூன்று முத்திரையோடு.
நடுவில் தொங்குவதை
எந்த ஊர்க் கணக்கில் எழுத?

மலைதான் பிரிக்கும் என்று
எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தேன்.

புளியரைக் கிணற்றுப் பொந்தில் பிடித்த பெண்ணும்
கழுதுருட்டிப் பாலத்தடியில் பிடித்த ஆணும்
நெருங்கிய சொந்தம்.
செக்போஸ்டில் லாரிகள் விடியவிடியக் காத்து நிற்க
இவை ஓடை வழியே போய்ச்
சம்பந்தம் பண்ணித் திரும்பியிருக்கின்றன.

கூனன்பாறைக்காரர்கள்தான் அந்நியர்.
அதே மாவட்டம், அதே மழை.
நடுவில் பதினெட்டு கிலோமீட்டர் ரப்பர்:
ஒரே மரம், ஒரே வயது, ஒரே உயரத்தில் சிரட்டை.
கத்திக் கத்தி வழி கேட்கும் உயிருக்கு
எல்லாத் திசையிலும்
ஒரே பதிலைச் சொல்லும் காடு.

வரைபடத்தில் அதைச் சிவப்பாக்கினேன்.
சிவப்புக்குள் வீடு இருக்கிற லிசம்மா
பாலெடுத்துக்கொண்டே கேட்டாள்:
"அதினு ஞான் எந்து செய்யணும், டீச்சரே?"
நாற்பது சென்ட். இரண்டு பேர் படிக்கிறார்கள்.
என்னிடம் பதில் இல்லை; கட்டன்சாயா குடித்தேன்.
அவள் தோட்டத்தின் கீழ்க்கரையில் மட்டும்
ஈற்றையும் காட்டுஞாவலும் அடர்ந்து கிடந்தன.
பாம்புக்குப் பயந்து
யாரும் வெட்டாமல் விட்ட ஓடைக்கரை.

நேற்று இரவு, குகையில், ஒன்பதாவது பை.
ஆண். இடது சிறகு முழுசாக இருந்தது.
வலதில்
வெளிறிய ஒரு வட்டப்புள்ளி.

மாடக்கண்ணு விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார்.
எதுவும் சொல்லவில்லை.

வழி எது, கூட்டு எது,
அல்லது வெறும் பசியா?
அவனேதானா என்று உறுதிசெய்ய
இன்னொரு துண்டு வேண்டும்.
அவ்வளவு தூரம் வந்த தோலில்
மறுபடியும் துளையிட மனம் வரவில்லை.

இட்டேன்.