பதினெட்டுப் பேருக்கு ஒரு குடை

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில்
மரப்படி ஏறினால் ரிஸ்மி நானாவின் கடை.
வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது.
உள்ளே நான் குடை பார்க்கிறேன்.

ஒன்றை விரித்தார். உட்பக்கம் வெள்ளி.
"பவர்னா இதுதான் தங்கச்சி,
ஒரு சொட்டு வெளிச்சம் வீணாகாது."
வீணாகாதுதான்.
வியர்த்த நெற்றி பதினெட்டும்
எவர்சில்வர் தட்டம் மாதிரி மின்னும்.
துலாஞ்சலியின் கையில் மாவுக்கட்டு,
அது வெளுத்து வெந்து
படத்தில் ஓட்டையாக நிற்கும்.

அடுத்தது முழு வெள்ளை,
ஒளி துணிக்குள்ளால் போகிற வகை.
மெத்தென்று விழும், முகத்துக்கு நல்லது.
ஆனால் பாதி வெளிச்சம் பின்னால் கசிந்து
மதிலுக்கும் காகத்துக்கும் போய்விடும்.
என் பிளாஷுக்கு அவ்வளவு தானதருமம் கட்டாது.

"அப்ப சின்னது ரெண்டு எடுங்களேன்,
இடமும் வலமும்."
கணக்குப் போட்டேன்.
ஒவ்வொரு மூக்குக்கும் இரண்டு நிழல்.
நடுவில் நிற்பவர்களுக்கு இரட்டைப் பங்கு,
ஓரத்தில் நிற்பவர்களுக்கு மிச்சம்.

எனக்கு அந்த ஓரம் தெரியும்.
போன வருஷப் படத்தில், பின்வரிசைக் கடைசியில்,
யோகதர்சினி வெறும் பதினாறாம் இலக்கமாக இருந்தாள்.
ஸ்டூடியோக்காரர் கணினியில் அவள் முகத்தைத் தோண்டியெடுத்து
வெள்ளையடித்துக் கொடுத்தார்.
அவளுடைய அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாவாம்:
"இது ஆற்றை பிள்ளை?"

அரசர்களுக்குப் பிடித்த வெண்குடை
ஊருக்கே நிழல் தந்ததாம்.
எனக்கு வேண்டியது
நிழலைக் கொஞ்சம் குடித்துவிடுகிற குடை.
கறுப்பு கறுப்பாகவே ஒளிர வேண்டும்.

மூலையில் கிடந்தது, ஆறடி.
வெளியே கறுப்பு, உள்ளே பால் வெள்ளை.
விரித்தபோது கடையில் எங்கள் இருவருக்கும் இடமில்லை.
"காத்துக்கு இது பாய்மரம்,
மணல் மூட்டையும் எடுங்க.
கண்ணாடி போட்ட புள்ள இருந்தா குடைய உசத்துங்க,
இல்லாட்டி கண்ணுக்குள்ள குடை நிக்கும்."
குடைக்கே காசு சரியாகப் போயிற்று.
கொட்டாஞ்சேனையில் மணலுக்கா பஞ்சம் என்று
இறங்கி வந்துவிட்டேன்.

புதன்கிழமை, ஆறேகால்.
துறைமுகத்துப் பக்கம் வானம் செம்மஞ்சள்.
ஓட்டோவிலிருந்து குடையை இறக்கி விரித்ததும்
மதிலில் இருந்த பெடியன் ஒருவன்
"அற்பனுக்கு வாழ்வு வந்தா..." என்று தொடங்கினான்.
"அர்த்தராத்திரிக்கு இன்னும் நேரம் கிடக்கு" என்றேன்.

முன்வரிசை வாங்குகளுக்கு நடுவில் ஒரு கதிரை,
ஜெனோவா மிஸ்ஸுக்கு.
பன்னிரண்டு வருஷம் ட்ராக்சூட்டில் நின்று கத்தியவர்
அன்றைக்கு நீலச் சேலை,
விசில் இல்லாத கழுத்து.

கடல் காற்று வந்தது.
குடை ஒருதரம் யோசித்தது, பிறகு கிளம்பியது.
பஞ்சம்தான். மைதானம் முழுக்கக் காய்ந்த செம்மண்.
தண்ணீர்ப் போத்தல், பூட்ஸ் பை,
எல்லாம் தாங்கியின் காலில் கட்டினோம். போதவில்லை.
ஒரு பிள்ளை பிடித்தால்
படத்தில் ஒரு பிள்ளை குறையும்.
மதில் பெடியனைத் தேடினால், ஆள் கழன்றுவிட்டான்.

மிஸ் எழுந்தார்.
முந்தானையை இடுப்பில் செருகினார்.
கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
"எடும்" என்றார். "வெளிச்சம் போகுது."

கதிரையில் பந்தை வைத்தோம்.

இப்போது கழகத்து அறையில் தொங்குகிறது.
பதினெட்டு முகமும் அவரவர் நிறத்தில்.
யோகதர்சினியின் காது தெரிகிறது, தோடுகூட.
தலைவர்தான் முறைப்பட்டார்:
நடுக்கதிரையில் பந்து என்ன, பிரதம விருந்தினரா?
அதோடு கப்டன் ஷெரினின் கண்ணாடியில்
ஏதோ வெள்ளைப் புள்ளி,
அழித்துத் தர ஏலாதா?

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இன்னும் ஓரடி உயர்த்தியிருக்க வேண்டும்,
நானா சொன்னது சரி.
இடப்பக்க வில்லையில்
சோற்றுப் பருக்கை அளவில் ஒரு குடை.
அதன் கீழே நீலமாக ஒரு கோடு,
சற்றே சரிந்து, காற்றுக்கு எதிராக.

என் மென்பொருளில் அந்த வசதி இல்லை என்று
தலைவருக்குச் சொல்லிவிட்டேன்.